நேர்ந்துவிட்ட கை

பெட்டிக்குள் வெள்ளைப் பொடி இருந்தது.

மயிலாடியில் பொடியைக் கண்டு யாரும் திடுக்கிடுவதில்லை. விடிந்தால் அடைந்தால் கல் அறுக்கிற ஊர். காயப்போட்ட வேட்டியில் பொடி, மூடிவைத்த மீன்குழம்பில் பொடி, பிரசங்கம் கேட்கிற காதுக்குள்ளும் பொடி. ஆனால் இந்தப் பெட்டி பூட்டிக் கிடந்தது. பூட்டின் மேல் பிளாஸ்டிக் உறை, உறையின் மேல் பழைய கம்பளி, அதற்கும் மேல் மகன் ஜெனித் சிறுவயதில் ஓட்டி உடைத்த மூன்று சக்கர சைக்கிள் என்று மாடி அறைப் பரணில் இருபது வருடத்துக்கு மேலாக அசையாமல் கிடந்ததை, சுந்தரராஜ் தானே இறக்கி, தானே துடைத்து, தானே சாவி போட்டுத் திறந்திருந்தார். வயலினின் நான்கு கம்பிகளுக்கும் கீழே, வில் உரசும் இடத்தில் மட்டும், முகப்பவுடர் சிந்தியது மாதிரி மெல்லிய வெண்மை. தொட்டு முகர்ந்தார். கல்பொடி நனைந்த சுண்ணாம்பு போல மணக்கும். இது பிசின் மணந்தது. வில்லில் தேய்க்கிற ரோசின், வாசிக்கும்போது உதிர்வது. இன்று வாசித்தால் இன்று விழும். நாளைக்கு அந்த மணம் நிற்காது.

கம்பிகள் முறுக்கேறி நின்றன. சுண்டிப் பார்த்தார். சுருதி பிசகவில்லை.

பயந்திருக்க வேண்டியவருக்கு எரிச்சல்தான் வந்தது. கம்பிகள் துருப்பிடித்து அறுந்திருக்கும், புதிதாகக் கட்டலாம், அதை மனைவி பூங்கனியிடம் படம் எடுக்கச் சொல்லலாம் என்று ஏற்பாடு செய்து வைத்திருந்தார். படத்துக்குக் கீழே போடுவதற்கான வாசகமும் ஒரு வாரமாகத் தயாராக இருந்தது: 'கடமை அழைத்தபோது கீழே வைத்தேன். கலை அழைக்கும்போது கையில் எடுக்கிறேன்.' நேற்றுத்தான் வாசித்து வைத்த மாதிரி பளபளக்கும் ஒரு வயலினோடு அந்த வாசகம் ஒட்டாது. கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கைக்குட்டையால் அந்தப் பிசின் பொடியைத் துடைத்துவிட்டு, ஜன்னல் விளிம்பில் படிந்திருந்த கல்பொடியை இரண்டு விரலால் அள்ளி வயலின் மேல் பரவலாகத் தூவினார். படம் நன்றாக வந்தது. வாட்ஸப்பில் நூற்றுச் சொச்சம் பேர் கைகூப்பினார்கள்.

கல்வி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து மே மாதம் ஓய்வு பெற்றவர் அவர். பிரிவுபசார விழாவில் வாசித்த வாழ்த்து மடலில் எழுத்துப் பிழைகள் இல்லாததற்குக் காரணம், அதை அவரே எழுதிக் கொடுத்ததுதான். ஓய்வுக்குப் பிறகு கையெழுத்துப் போட எதுவும் வரவில்லை. பால்காரனிடம் கூட முன்னுரையோடு பேசினார். சபைக் கமிட்டியில் கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனையைப் பற்றிப் பேச்சு வந்தபோது எழுந்து, இந்த வருடம் தனி வயலின் உண்டு, வாசிப்பது நான் என்றார். பாடகர் குழுவை நடத்தும் ஷைஜா, வங்கியில் வேலை பார்க்கிற பெண், கீபோர்டு இருக்கிறதே என்று மரியாதையாகத்தான் சொன்னாள். கீபோர்டு என்பது மிக்ஸி, கிரைண்டர் வகையைச் சேர்ந்தது என்று அவர் விளக்கினார். ஷைஜா சிரித்துவிட்டு நிகழ்ச்சி நிரலில் அவர் பெயரை எழுதிக்கொண்டாள். இனி பின்வாங்க வழியில்லை. இந்தச் சபையில் முப்பது வருடமாகப் பிறரைத் திருத்தியவர் அவர்; அவர் தடுக்கி விழுவதைப் பார்க்கக் காத்திருக்கிறவர்கள் முன்வரிசையிலேயே இருந்தார்கள்.

ஒரு காலத்தில் அவர் நன்றாகவே வாசித்தவர். அதற்கும் காரணம் அவர் இல்லை, அம்மா. சின்ன வயதில் அவருக்கு மூளைக்காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் கையை விரித்த அன்று, அம்மா கோயில் பீடத்துக்கு முன் முழங்காலில் நின்று பொருத்தனை பண்ணினாள். பிள்ளை பிழைத்தால், கிறிஸ்துமஸ் தோறும் அவன் கை இந்தக் கோயிலில் வயலின் வாசிக்கும், உயிருள்ள காலம் வரைக்கும். அன்று கோயிலில் இருந்த ஒரே வாத்தியம் வயலின். பிள்ளை பிழைத்தான், வாசித்தான். கல்யாணத்துக்குப் பிறகும் வாசித்தான். பதவி உயர்வு வந்ததும், கண்காணிப்பாளர் ஒருவர் தாடையில் கட்டையை இடுக்கிக்கொண்டு சபை முன் நிற்பது அழகில்லை என்று தோன்றியது. பொருத்தனைக்குப் பதில், அந்த வருடம் ஒரு காணிக்கைக் கவர் போட்டார். கவரின் மேல் பெயரும் பதவியும் எழுதியிருந்ததால் போதகர் இரண்டையும் வாசித்தார்.

ஆராதனை முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது அம்மா சொன்னாள்.

"மக்கா, நான் நேந்தது ஒனக்க கைய. கவர இல்ல."

"ஆபீஸ் வேல ஒழியட்டும்மா. பொறவு வாசிக்கேன்."

அம்மா இறந்த பிறகு அந்தக் கவரும் வருடத்துக்கு வருடம் மெலிந்து, ஒருநாள் நின்றுபோனது.

மாடி அறையின் ஜன்னல் லிஜினின் கல்பட்டறையைப் பார்த்து இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, பூங்கனி மூட்டுவலித் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்ததும், சுந்தரராஜ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மாடிக்குப் போவார். வீட்டுக்குள் வாசிக்க எதற்குச் சட்டை என்று அவள் ஒருநாள் கேட்டதற்கு, கலைக்கு ஒரு மரியாதை உண்டு என்றார். மரியாதை எல்லாம் சட்டையோடு நின்றது. வில் கம்பியில் பட்டதும் கிளம்பிய சத்தம், கதவிடுக்கில் வால் மாட்டிக்கொண்ட பூனையினுடையது. தோள் மரத்தது. வில் பிடித்த மணிக்கட்டு வாழைத்தண்டு மாதிரி விறைத்து நின்றது. இடது கை விரல்கள் தமக்குரிய இடத்தைத் தாண்டி விழுந்தன, அல்லது அதற்கு முன்பே நின்றன. பழைய பாமாலை ஒன்றின் முதல் வரி, ஊரில் தொட்டில் பிள்ளைக்கும் தெரிந்த வரி, அவர் கையில் அடையாளம் தெரியாமல் செத்தது. வாசிக்க வேண்டியது எப்படி இருக்க வேண்டும் என்று காதுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. அதுதான் கொடுமை. காது பழைய சுந்தரராஜிடம் இருந்தது. கை மட்டும் எங்கோ போயிருந்தது.

அவர் கம்பியைக் குறை சொன்னார். மழைக்கால ஈரத்தைச் சொன்னார். கைபேசியில் பாடம் நடத்திய வெள்ளைக்காரப் பெண்ணின் புன்னகையைச் சொன்னார். கீழே இருந்து வரும் தைல வாசனையால் மனம் குவியவில்லை என்றார்.

ஒருநாள் பட்டறை இயந்திரம் திடீரென்று நின்றது. லிஜின் ஜன்னலுக்குக் கீழே வந்து அண்ணாந்து பார்த்தான்.

"அண்ணாச்சி, மெஷின் பிளேடு தேஞ்சிட்டோன்னு நிப்பாட்டிப் பாத்தேன். நம்மது இல்ல. ஒங்களதுதான்."

பட்டறைக்குள் யாரோ சிரித்தார்கள். சுந்தரராஜ் ஜன்னலை அடைத்தார். வயலினைக் கட்டில் மேல் எறிந்துவிட்டுக் கீழே போனார். வில்லைத் தளர்த்தி வைக்க வேண்டும் என்பதுகூட நினைவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தபோது வயலின் பெட்டிக்குள் இருந்தது. வில் தளர்த்தியிருந்தது. பூங்கனி எடுத்து வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். பூங்கனிக்கு வில்லின் எந்தப் பக்கம் திருகு இருக்கிறது என்றே தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும். அதை நினைக்காமல் இருந்தார்.

டிசம்பர் நடுவில் ஓய்வூதிய ஆயுள் சான்றிதழுக்காகக் கொட்டாரம் போனார். இ-சேவை மையத்துப் பெண் அவர் விரலைப் பிடித்துக் கண்ணாடித் தகட்டில் அழுத்தினாள். இயந்திரம் ஏற்கவில்லை. வேறு விரல். துடைத்துவிட்டு மறுபடியும். எல்லா விரலுக்கும் சிவப்பு விளக்குதான் எரிந்தது. உயிரோடு இருப்பதற்கான அத்தாட்சி கிடைக்கவில்லை.

"ரேக தேஞ்சு போய்க் கெடக்கு. கல்பட்டறையில வேலையா?"

அவளுக்குத் தான் யார் என்பதை அவர் விரிவாகச் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, கண் ரேகை எடுக்கிற மெஷின் வந்தால் சொல்கிறேன், அடுத்த மாதம் வாருங்கள் என்றாள். வெளியே வந்து வெளிச்சத்தில் விரல்களைப் பார்த்தார். இத்தனை நாள் கம்பியில் தேய்த்ததற்குக் காய்ப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பத்து நுனிகளும் உரித்த அவித்த முட்டை மாதிரி வழுவழுவென்று இருந்தன.

மழை பிடித்துக்கொண்டது. பஸ் வரத் தாமதமாகி, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தார். அந்தப் பெண்ணைப் பற்றி மாவட்ட நிர்வாகத்துக்கு எழுதப்போகும் மனுவின் முதல் பத்தியைப் பூங்கனியிடம் சொல்ல வேண்டும் என்றுதான் நேராக அடுக்களைக்குப் போனார். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்த அவள் முகத்தில் அவர் வெகுநாளாகப் பார்க்காத ஒன்று இருந்தது.

"இன்னைக்கு கொள்ளாம், கேட்டியளா. ரெண்டாவது அடியில எனக்குக் கண்ணு நெறஞ்சிட்டு."

"எது?"

"இப்பம் வாசிச்சது. எப்பம் எறங்கி வெளிய போனிய? இப்படி நனஞ்சிட்டு வாறிய."

நான் கொட்டாரத்தில் இருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தார். முப்பத்தைந்து வருட வாழ்க்கையில் அவள் அவரைப் புகழ்ந்த சந்தர்ப்பங்கள் அவர் மனதில் ஒவ்வொன்றாக வந்து போயின. நேரம் அதிகம் எடுக்கவில்லை. சட்டையிலிருந்து சொட்டிய தண்ணீர் காலடியில் சிறிய குளமாகிக்கொண்டிருந்தது.

"ம்ம்," என்றார். "கை வந்துட்டு."

மாடியில் ஏதோ ஒன்று, நாற்காலியாக இருக்கலாம், தரையில் ஓர் அங்குலம் நகர்ந்தது. திருப்தியோடு சாய்ந்து உட்காருகிறவனின் நாற்காலி.

அவர் உடனே மேலே போகவில்லை. தலை துவட்டினார், வேட்டி மாற்றினார், சாயா குடித்தார், செய்தி பார்த்தார். போனபோது அறையில் யாரும் இல்லை. நாற்காலி ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் எப்போதும் சுவர் ஓரம் போடுவார். வயலினில் தாடை வைக்கும் கட்டையைத் தொட்டார். ஈரம். வியர்வை ஈரம். இன்னும் ஆறவில்லை. அறை முழுக்கப் பிசின் மணம். அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பு அவர் தலைக்குத் தேய்த்த எண்ணெயின் வாசனை. அந்தக் கம்பெனியை மூடி எவ்வளவோ காலமாகிறது.

அதற்குப் பிறகு அவருடைய வாசிப்பு ஊருக்குள் பிரபலமானது. எப்போதெல்லாம் அவர் வீட்டில் இல்லையோ அப்போதெல்லாம் நன்றாக வாசித்தார். லிஜின் சாலையில் நிறுத்தி, அண்ணாச்சி, நேத்து நாங்க மெஷின நிப்பாட்டிட்டுக் கேட்டோம் என்றான். கிண்டல் இல்லாமல் சொன்னான். சுந்தரராஜ் தலையை ஆட்டி, சாதகத்தைப் பற்றி நான்கு வார்த்தை சொன்னார். வெளியே போகவே பயமாக இருந்தது. போகாமல் இருந்தால் தானே வாசிக்க வேண்டியிருந்தது. கடைத்தெருவில் தேவையில்லாமல் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு வரும்போது வாசலில் காத்திருக்கும் அந்தப் புகழ்ச்சிக்காக, பயத்தைச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.

பிறகு பூங்கனி ஒலிப்பதிவு செய்து பாடகர் குழுவின் வாட்ஸப்பில் போட்டுவிட்டாள். ஷைஜா அன்று மாலையே போன் பண்ணினாள்.

"இத்தன நாளா இத எங்க சார் ஒளிச்சு வச்சிருந்திய?"

அவர் பதில் சொல்லிவிட்டு, கதவை அடைத்துக்கொண்டு, பதிவை முதல் தடவையாகக் கேட்டார். கீழே இருந்து எடுத்தது. மழைச் சத்தத்துக்கு நடுவே வயலின் இறங்கி வந்தது. அலங்காரம் இல்லை, அவசரம் இல்லை. ஒவ்வொரு வரியின் முடிவிலும் மூச்சு விடுகிற அளவுக்கு ஓர் இடைவெளி. அந்த இடைவெளி அவருடையது. அவர் மட்டும்தான் அப்படி நிறுத்துவார், இளமையில் பாடகர் குழுவின் வாத்தியாரிடம் அதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறார். இருபது வருடம் ஒருநாள்கூட விடாமல் வாசித்திருந்தால் அவர் இப்படித்தான் வாசித்திருப்பார். பாட்டு முடிந்தது. பதிவு முடியவில்லை. பூங்கனியின் குரல், பக்கத்தில்: சாயா வேணுமா? மேலே இருந்து ஒரு குரல், தூரத்தில்.

"கொண்டு வா பிள்ள. நீயும் வந்து இரி."

அவருடைய குரல்.

மறுபடி கேட்டார். மறுபடி. தைலப் புட்டியைத் தேடிக்கொண்டிருந்த பூங்கனியிடம் போய், முடிந்தவரை சாதாரணமாக, அன்றைக்குச் சாயா கொண்டு வந்தாயே, நான் எந்தச் சட்டை போட்டிருந்தேன் என்றார்.

"வெள்ளச் சட்ட. என்னைக்கும் போலத்தான்." அவள் சிரித்தாள். "மேல இருந்தா தங்கமாட்டுப் பேசுதிய. கீழ எறங்குனா பழைய சூப்பிரண்டு."

அவளிடம் உண்மையைச் சொல்லிவிட அது கடைசிச் சந்தர்ப்பம். சொன்னால், வாசித்தது நான் இல்லை என்று ஆகும். பாடகர் குழுவில், கமிட்டியில், முன்வரிசையில். அவள் தைலத்தைக் கண்டுபிடித்துவிட்டாள்.

அன்று வயலின் பெட்டியை இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார். இனி எங்கும் போவதில்லை. வீட்டிலேயே இருப்பது. பார்த்துவிடுவது.

கேரல் ஆராதனைக்கு முந்தைய நாள் மாலை மின்சாரம் போனது. பட்டறை இயந்திரம் இழுத்து இழுத்து முனகி ஓய்ந்தது. சுந்தரராஜ் கூடத்தில் பிரம்பு நாற்காலியில் இருந்தார். அடுக்களையில் பூங்கனி தீப்பெட்டி தேடும் சத்தம், அலமாரிக்குப் பின்னால் பல்லியின் சத்தம், ஓட்டு விளிம்பிலிருந்து அலுமினிய வாளியில் விழும் சொட்டுச் சத்தம். ஒன்றோடு ஒன்று ஒட்டாத அந்தச் சத்தங்களுக்குள், மெல்ல, யாரோ ரோசின் தேய்க்கும் சத்தம் சேர்ந்தது. மேலே. போய் வந்து, போய் வந்து, நிதானமாக. அவர் கை அரைஞாணுக்குப் போனது. சாவி இருந்தது.

வயலின் தொடங்கியது.

பூங்கனி மெழுகுவத்தியும் சாயாவுமாக வந்தாள். வெளிச்சம் சுவரில் ஏறி, பிரம்பு நாற்காலியின் நிழலைப் பெரிதாக்கியது. நாற்காலியின் நிழல் மட்டும். அவர் அதைக் கவனித்தார். கை ஆட்டினார். சுவரில் எதுவும் ஆடவில்லை.

"ஏட்டி," என்றார்.

வந்தது குரல் இல்லை. ஒரு கிறீச்சல். சுருதி தப்பிய கம்பியில் வில் வழுக்கிய மாதிரி. பூங்கனி நின்றாள். வாசல் கதவைப் பார்த்தாள், கீல் சத்தம் என்று நினைத்தவள் மாதிரி. பிறகு அவருடைய முழங்காலை ஒட்டி, புடவை உரச, படியேறிப் போனாள். முட்டு வலிக்காரி. ஒவ்வொரு படியாக.

அவர் பின்னாலேயே போனார். கால் வைத்த படி எதுவும் சத்தம் போடவில்லை.

அறைக் கதவு பாதி திறந்திருந்தது. பூங்கனி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கன்னம் நனைந்திருந்தது. ஜன்னல் ஓரம், வெளியே பார்த்தபடி, வெள்ளைச் சட்டை. பிடரி அவருடையது. காதுக்குப் பின்னால் இருக்கும் மருவும். வில் பிடித்த கை தண்ணீரில் துடுப்பு போடுவது போல் போய் வந்தது. இடது கை விரல்கள் பலகையில் விழும்போது டொக் டொக் என்று கேட்டது. அவ்வளவு கெட்டியான காய்ப்பு. அவர் தன் விரல்களைப் பார்த்தார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் நகம் எங்கே முடிகிறது, சதை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

பாட்டு முடிந்தது. அது திரும்பவில்லை.

"கதவ அடச்சிரு பிள்ள. குளிரடிக்கு."

பூங்கனி எழுந்தாள். அவரை நோக்கி வந்தாள். அவர் நின்ற இடத்தை ஊடுருவிப் படிக்கட்டைப் பார்த்தாள். கதவை அடைத்தாள்.

அவர் எந்தப் பக்கம்? அவர் வெளியேதான் நின்றிருந்தார். ஆனால் மறுநாள் மாலை, ஊரெல்லாம் நட்சத்திர விளக்கு எரியும்போது, அவர் இருந்தது அறைக்குள். கதவு திறந்துதான் கிடந்தது. வாசற்படிவரை போக முடிந்தது. அதைத் தாண்டக் காலைத் தூக்கினால், கால் மறுபடி கட்டில் ஓரத்தில் இருந்தது.

ஜன்னல் வழியாகப் பார்த்தார். குடை விரிந்தது. பூங்கனியின் பட்டுப் புடவை. பக்கத்தில் வெள்ளைச் சட்டை, கையில் பெட்டி. அவளுக்கு முட்டு வலிக்குமே என்று, அது மெதுவாக நடந்தது. அவர் ஒருநாளும் அப்படி நடந்ததில்லை. லிஜின் பட்டறை வாசலில் வேட்டி மடிப்பை அவிழ்த்துவிட்டு வணக்கம் சொன்னான். அவர் ஜன்னல் கண்ணாடியில் அடித்தார். கையா அது. பஞ்சு மாதிரி. சத்தமே இல்லை.

கோயில் ஒலிபெருக்கி ஊர் முழுக்கக் கேட்கும். ஷைஜாவின் குரல் அவர் பெயரைச் சொன்னது. முன்னுரை பேச இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தார்; மேஜை மேல் கிடந்தது. ஒலிபெருக்கியில் தொண்டையைச் செருமும் சத்தம்.

"எங்க அம்மைக்க பொருத்தன. அவ்வளவுதான்."

பிறகு வயலின். ஈரக் காற்றில், கல்பொடி படிந்த ஓடுகளுக்கு மேல், அகன்று, அகன்று. முடிந்தபோது கைதட்டல். கோயிலில் யாரும் கை தட்டுவதில்லை. அன்று தட்டினார்கள். முன்வரிசையும்.

அவர் அழுதார் என்று நினைத்தார். கன்னத்தைத் தொட்டார். விரலில் ஒட்டியது வெள்ளைப் பொடி.

அவர்கள் திரும்பி வந்தார்கள். கீழே பாத்திரச் சத்தம், பூங்கனியின் சிரிப்பு. படியில் காலடி. அவருடைய காலடிச் சத்தம். அது தனியாக உள்ளே வந்தது. பெட்டியைக் கட்டிலில் வைத்துத் திறந்தது. வயலினைத் துடைத்து வைத்தது. வில்லைத் தளர்த்தி வைத்தது. அவசரப்படவில்லை. எல்லாம் முடித்துவிட்டு, முதல் தடவையாக அவரைத் திரும்பிப் பார்த்தது.

அவருடைய முகம். தாடைக்குக் கீழே மட்டும், கட்டை அழுத்தி அழுத்திக் கறுத்த ஒரு தழும்பு. கோபம் இல்லை. ஆபீசில் வெகுநேரம் காத்திருந்து முறை வந்தவனின் முகம்.

"வேல எல்லாம் ஒழிஞ்சுல்லா," என்றது. "வாசி."

மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

பெட்டி அவருக்குச் சரியாக இருந்தது.

இருட்டு. வெல்வெட்டின் பழைய மணம். பிசின் மணம். மேலே பூட்டு. மேலே பிளாஸ்டிக்கின் சரசரப்பு. மேலே கம்பளி. அதற்கும் மேலே சைக்கிள் சக்கரம் ஒரு தடவை சுற்றி நின்றது.

எங்கோ கீழே பூங்கனியின் குரல்.

"பரணுல என்னமோ கீறுது. எலியாட்டு இருக்குமோ?"

"இருக்கட்டும் பிள்ள," என்றது அவர் குரல். "பழகிக்கிடும்."

நேர்ந்துவிட்ட கை இப்போது கீழே, பூங்கனியின் வீட்டில், சாயா டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தது. இங்கே அவரிடம் இருந்தது, ரேகை இல்லாத இன்னொன்று. அதில் வில் இருந்தது. தடவித் தடவிக் கம்பியைக் கண்டுபிடித்தார். முதல் வரி. தொட்டில் பிள்ளைக்கும் தெரிந்த வரி. கிறீச்சிட்டது. மறுபடியும். கிறீச்சிட்டது. ஒவ்வொரு இழுப்புக்கும், இருட்டில், திறந்தே இருந்த கண்களின் மேல், வெள்ளைப் பொடி மெல்ல உதிர்ந்து விழுந்துகொண்டிருந்தது.